டோரதியின் விசிறி

பனையோலை விசிறி ஒன்றின்மேல் பொறாமைப்பட்ட மனிதனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். மைக்கேல்ராஜ் பட்டான். நாலு மாதம் விடாமல் பட்டான், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளில்கூட ஓயாமல் பட்டான். வேதம் படித்தவன், நாளைக்கு உபதேசியாராகி ஊருக்குப் புத்தி சொல்லப் போகிறவன். ஆனாலும் பட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் நடந்தது இது. பெங்களூர் தண்டு என்கிற கண்டோன்மென்டில், நீலசந்திராவுக்குப் போகிற பாதையோரம், முன்பு பட்டாளத்துக் குதிரைகள் கட்டியிருந்த நீளக் கொட்டகை ஒன்று இருந்தது. உபதேசியார் ஆகப்போகிறவர்களுக்கு அங்கேதான் பேச்சுப் பயிற்சி. மாணவர்கள் ஆறு பேர், ஆறு பேருக்கும் கல்யாணமாகியிருந்தது. கல்யாணமாகாதவனை ஒரு ஊருக்கு அனுப்பினால் அந்த ஊர் அவன் பிரசங்கத்தைக் கேட்காது, அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிடும் என்பது மிஷன்காரர்களின் அனுபவம். அதுமட்டுமில்லை, உபதேசியார் ஆண்களுக்குப் பேசினால் அவர் மனைவி பெண்களுக்குக் கூட்டம் நடத்தவேண்டும். ஒரு சம்பளத்தில் இரண்டு ஊழியம்.

சொல்லிக்கொடுத்தவர் ஆம்ப்ரோஸ் ஐயர். அந்தச் சபையில் போதகரை ஐயர் என்று கூப்பிடுவது வழக்கம், அவ்வளவுதான். மனிதர் ஒல்லி, குரலும் ஒல்லி. ஆனால் அவர் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் கொட்டகையின் கடைசித் தூண்வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வரும். கத்தினால் அவருக்குப் பிடிக்காது.

"நம்ம பாஷையில வினை கடைசியிலதான் வருது. நீங்க கடைசியில வர்றப்போ மூச்சை விட்டுடறீங்க. 'தேவன் உங்களை' வரைக்கும் கேக்குது. மன்னிக்கிறாரா தண்டிக்கிறாரான்னு தெரியாம ஜனங்க வீட்டுக்குப் போறாங்க" என்பார்.

இதைச் சரிசெய்ய அவர் கண்டுபிடித்த வழிதான் விசிறி. கொட்டகையின் ஒரு கோடியில் மாணவன் நிற்பான். ஐம்பது அடி தள்ளி மறுகோடியில் மனைவிமார் ஆறு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு விசிறி மடியில் இருக்கும். பேசுகிறவனின் சொல் ஒன்று காதுக்கு வந்து சேரவில்லையென்றால் விசிறியை உயர்த்தவேண்டும். ஒரே ஒரு விசிறி எழுந்தாலும் போதும், அவன் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொல்லவேண்டும். ஐயர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை முறை விசிறி எழுந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்வார்.

"மனைவிமாரை வைக்கிறீங்களே, புருஷனுக்குச் சாதகமா இருப்பாங்களே" என்று மிஷன் வீட்டு மேலாளர் ஒருமுறை கேட்டாராம். ஐயர் சிரித்தாராம். அவருக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம்.

அவர் கணக்கு தப்பவில்லை. நோயலின் மனைவி யூனிஸ் ஈவிரக்கமில்லாமல் தன் புருஷனுக்கு விசிறி தூக்கினாள். வீட்டில் நடந்த சண்டையெல்லாம் அந்த விசிறியில் வெளிப்பட்டது. மற்றவர்களும் அப்படித்தான். மைக்கேல்ராஜின் மனைவி டோரதியும் அவனுக்குத் தூக்கினாள். அதில் அவனுக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய், ஆனால் அதைப் பொறுத்துக்கொண்டிருப்பான். அவன் வயிறு எரிந்தது வேறொன்றினால். டோரதி நோயலுக்கு விசிறி தூக்குவதே இல்லை.

நோயலைப் பற்றிச் சொல்லவேண்டும். நீலசந்திராவிலேயே பிறந்து வளர்ந்தவன். முகத்தில் ஒரு முடி இல்லாமல் மழித்து, எண்ணெய் தடவி, எப்போதும் சிரித்தபடி இருப்பான். குரல் என்றால் அதுதான் குரல். பாடாமலேயே பாட்டு மாதிரி இருக்கும். தொம்மலூரில் சனிக்கிழமை தெருப் பிரசங்கத்துக்குப் போனால் அவன் வாயைத் திறந்த மாத்திரத்தில் கிணற்றடிப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிடுவார்கள். மைக்கேல்ராஜ் பேசும்போது அதே பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார்கள். இதைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு என்ன ஆகும்? மைக்கேல்ராஜ் பயிற்சியில் சேர்ந்த அன்றே முகத்தில் வயசு தெரியட்டும் என்று மீசை வளர்க்க ஆரம்பித்திருந்தான். அது மேலுதட்டை மூடி, கீழுதட்டுக்கும் நிழல் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தது. குரல்தான் வளரவில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் அவன் பைபிளின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை வாசித்தான். டோரதியின் விசிறி பதினொரு தடவை எழுந்தது. அடுத்து நோயல் அதே சங்கீதத்தை வாசித்தான். யூனிஸ் மூன்று தடவை தூக்கினாள். டோரதி விசிறியை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, வைத்த கண் வாங்காமல் நோயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகூட லேசாக அசைந்தது. அன்று ராத்திரி மைக்கேல்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் எண்ண ஆரம்பித்தான். ஐயர் நோட்டில் எழுதுவதற்கு முன்பே இவன் மனதில் எழுதிவிடுவான். தனக்கு ஒன்பது, நோயலுக்கு இல்லை. தனக்குப் பதினான்கு, நோயலுக்கு இல்லை. சில்வெஸ்டர் என்ற தாடிக்கார மாணவனுக்கும் டோரதி பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கினாள்தான். ஆனால் பொறாமைக்கு ஒற்றைக்கண், அதுவும் தனக்கு வேண்டியதை மட்டும் பார்க்கும். சில்வெஸ்டரின் கணக்கை அவன் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டிலும் அவனுக்கு எல்லாம் அதற்கேற்றபடியே தெரிந்தது. மிஷன் லைனில் அவர்களுக்கு ஒண்டுக் குடித்தனம், முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று. முன்னறையிலிருந்து கூப்பிட்டால் அடுப்படியிலிருந்து பதில் வராது. இரண்டாவது தடவை கூப்பிட்டாலும் வராது. எழுந்து போய் எதிரில் நின்றால்தான் நிமிர்ந்து, "என்னாங்க" என்பாள். கல்யாணமான புதிதில் இப்படி இல்லை. போன வருஷம் கோலார் தங்கவயலில் அவளுடைய அப்பா வீட்டில் விஷ ஜுரம் வந்து ஒன்றரை மாதம் படுத்தாளே, அதற்குப் பிறகுதான் இப்படி. உடம்பு தேறிவிட்டது, மனசுதான் எங்கேயோ போய்விட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். ஜனவரியில் பெங்களூருக்கு வந்த பிறகு அந்த 'எங்கேயோ' எது என்று தெரிந்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் நோயல் வீட்டுக்கு வந்தான். கிறிஸ்துவர் வீட்டுக்குக் கிறிஸ்துவர் வருவது குற்றமா? மைக்கேல்ராஜுக்குக் குற்றமாகத்தான் பட்டது. நோயல் தொம்மலூரில் ஒரு எருமை தன் பிரசங்கத்துக்கு நடுவில் வந்து படுத்துக்கொண்ட கதையைச் சொன்னான்.

"நான் மனந்திரும்புங்கோன்னு சொல்றேன், அது எனக்கு வாலைத் திருப்புது தங்கச்சி. ஜனங்க என்னைப் பாக்கறதா, அதைப் பாக்கறதா. சாகு சாமி, போதும்னு பைபிளை மூடிட்டேன்."

டோரதி சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று மைக்கேல்ராஜ் யோசித்தான். தானும் ஒரு கதை சொல்லிப் பார்த்தான். போன வாரம் ஜட்காக்காரன் ஒருவனோடு நடந்த தகராறு, நல்ல கதைதான். டோரதி அவன் முகத்தைப் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள், பாதியில் எழுந்து காப்பி போட உள்ளே போய்விட்டாள்.

நோயல் போன பிறகு அவன் அவள் முன்னால் போய் நின்று, தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டான்.

"அவன் பேசினா மட்டும் காது நல்லா கேக்குதா உனக்கு?"

டோரதியின் முகம் வெளுத்தது. கையிலிருந்த டம்ளரை மேடையில் வைத்தாள். "யார் சொன்னாங்க உங்களுக்கு" என்றாள்.

"யாராவது சொல்லணுமா. எனக்குக் கண்ணு இல்லியா?"

"என்னை ஊருக்கு அனுப்பிடாதீங்க" என்றாள் அவள்.

குற்றமில்லாதவள் இப்படியா பேசுவாள்? என்ன, ஏது என்று சண்டை போடமாட்டாளா? மைக்கேல்ராஜ் இரவெல்லாம் புரண்டான். நோயலுக்கும் அவளுக்கும் தப்பு எதுவும் நடந்துவிடவில்லை என்று அவனுக்குத் தெரியும். அந்த அளவுக்கு அவன் மோசமானவன் இல்லை. ஆனால் அவளுக்கு நோயலின் குரல் பிடித்திருக்கிறது. தன் குரல் அவள் காதுக்கு எட்டவில்லை, அவன் குரல் எட்டுகிறது. ஊர் முழுக்க அவன் பேச்சைக் கேட்கட்டும், போகட்டும். தாலி கட்டின பெண்டாட்டியாவது தன் பேச்சைக் கேட்கக் கூடாதா? அவனுக்கு வேண்டியதெல்லாம் இது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, நோயலுக்கு எதிராக அந்த விசிறி எழுந்து அவன் பார்க்கவேண்டும்.

விடிந்ததும் நேரே ஐயர் வீட்டுக்குப் போனான். அந்த மாதக் கடைசியில் பரீட்சை. யாருக்கு விசிறி குறைவோ அவனுக்குத் தண்டிலேயே வேலை, மற்றவர்கள் வெளியூர் போகவேண்டும். அதைச் சாக்காக வைத்துக்கொண்டான்.

"ஐயா, பரீட்சையில ஒரு மாத்தம் பண்ணணும். கேக்கறவங்க பேசறவன் மூஞ்சியைப் பாத்தா ஓரவஞ்சனை வருது. அவங்களை முதுகைத் திருப்பி உக்கார வைங்க. யாரு பேசறான்னு தெரியக்கூடாது. காதால மட்டும் கேக்கட்டும்."

ஐயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல யோசனை மைக்கேல்ராஜ். பன்னிரண்டு வருஷமா எனக்கு இது தோணலையே" என்றார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். மைக்கேல்ராஜுக்கும் சந்தோஷம்தான், ஆனால் வழியில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த மாற்றத்தை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பரீட்சை நாள் காலை பத்து மணிக்குக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். மனைவிமார் இஸ்திரி போட்ட சேலையில் வந்திருந்தார்கள். ஐயர் எழுந்து புதிய ஏற்பாட்டைச் சொன்னார். பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்து பெஞ்சைத் திருப்பப் போனார்கள். டோரதி மட்டும் எழாமல் அவர்கள் முகத்தை மாறிமாறிப் பார்த்தாள். யூனிஸ் அவள் கையைப் பிடித்து எழுப்பி, சுவரைக் காட்டினாள். அப்போது டோரதி திரும்பி, கொட்டகையின் மறுகோடியில் நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். எதையோ கேட்கிற பார்வை. அவன் கூரையைப் பார்த்தான்.

சீட்டுப் போட்டதில் முதல் பெயர் நோயலுடையது. இதைவிட மைக்கேல்ராஜுக்கு வேறென்ன வேண்டும்?

நோயல் பேசுகிற இடத்துக்கு வந்து நின்று, மூச்சை இழுத்து, வாயைத் திறப்பதற்குள் ஒரு விசிறி எழுந்துவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் டோரதி, அவளுடைய விசிறிதான். அவசரப்பட்டுவிட்டாள் என்று சிலர் சிரித்தார்கள். நோயல் முதல் வாக்கியத்தைச் சொன்னான். மணி அடித்தமாதிரி சொன்னான். மற்ற ஐந்து விசிறிகளும் மடியில் கிடந்தன. டோரதியுடையது இறங்கவில்லை.

"திரும்ப" என்றார் ஐயர்.

நோயல் திரும்பச் சொன்னான். விசிறி உயர்ந்தே நின்றது. மூன்றாம் தடவை சொன்னான். கழுத்து நரம்பு புடைக்க, கத்தக்கூடாது என்ற விதியை மறந்து நாலாம் தடவையும் சொன்னான். விசிறி அப்படியே நின்றது.

மைக்கேல்ராஜுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும், நாலு மாதத்தில் அவன் அனுபவித்த முதல் நல்ல நிமிஷம் அது. முகத்தைப் பார்க்காவிட்டால் இவ்வளவுதான் அவன் குரல் என்று நினைத்தான். நோயலின் நெற்றியில் வேர்வையைப் பார்க்கப் பார்க்க இனித்தது.

யூனிஸுக்குப் பொறுக்கவில்லை. புருஷனை இவள் குறை சொல்லலாம், அடுத்தவள் சொல்லலாமா? உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பி, "எங்களுக்கெல்லாம் நல்லா கேக்குது ஐயா" என்றாள்.

ஐயர் பேனாவை நோட்டின்மேல் வைத்தார். "டோரதி அம்மா, விசிறியை இறக்குங்க" என்றார்.

விசிறி இறங்கவில்லை.

"டோரதி அம்மா."

அந்த ஒல்லிக் குரல் கடைசித் தூண்வரைக்கும் போயிற்று. எல்லோருக்கும் கேட்டது. கேலி செய்கிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஐயருக்குக் கோபம் வந்துவிட்டது. மேஜைமேல் இருந்த வெண்கல மணியை எடுத்து மூன்று தடவை அடித்தார். மற்ற ஐந்து பெண்களும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். டோரதி திரும்பவில்லை.

நோயல் நிறுத்திவிட்டான், ஐயர் நிறுத்திவிட்டார். அந்த விசிறி மட்டும், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்ணின் தலைக்கு மேலே, கேட்கவில்லை கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மைக்கேல்ராஜுக்கு அடுப்படியிலிருந்து வராத பதில்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. காது நல்லா கேக்குதா என்று கேட்டபோது அவள் முகம் வெளுத்தது ஞாபகம் வந்தது. ஆறு குடும்பத்துக்கும் முன்னால் அவளை இப்படி உட்கார வைத்தது யார் என்பதும் ஞாபகம் வந்தது. அவன் அந்த ஐம்பது அடியையும் நடந்தான். அவன் கை தோளில் பட்ட பிறகுதான் அவள் விசிறியை இறக்கித் திரும்பினாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐயர் நோட்டை மூடிவிட்டு, மிச்சத்தை மத்தியானம் பார்க்கலாம் என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி ஒன்று வறண்டு கிடந்தது. டோரதி அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். மைக்கேல்ராஜ் எதிரில் நின்று ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். கையை நீட்டி, இரண்டு விரலால் அவன் மீசையை உதட்டிலிருந்து ஒதுக்கினாள்.

"இப்ப சொல்லுங்க."

"எப்பலேர்ந்து?"

"ஜுரத்துக்கு அப்புறம். ஒரு பக்கம் மொத்தமா போச்சு. இன்னொரு பக்கம் உய்யுன்னு இருக்கும், வார்த்தை வராது."

"பின்ன எப்படி நீ..."

"எங்கப்பா தங்கவயல்ல மில்லு வேலைதானே. கல்லு இடிக்கிற சத்தத்துல அங்க யாருக்கும் எதுவும் கேக்காது. வாயைப் பாத்துத்தான் பேசிக்குவாங்க. வீட்டுலயும் அதே பழக்கம். சின்ன வயசிலேயே எங்களுக்கெல்லாம் வரும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "சங்கீதமெல்லாம் மனப்பாடம். வாய் நல்லா தெரிஞ்சா போதும், எந்த வரியில இருக்காங்கன்னு புடிச்சிக்குவேன். நோயல் அண்ணனுக்கு வாய் நல்லா தெரியுது. உங்களுக்கும் சில்வெஸ்டர் அண்ணனுக்கும் ஒண்ணுமே தெரியல. தெரியாததைத் தெரிஞ்சுதுன்னு எப்படி இறக்கி வைக்கிறது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உபதேசியார் பொண்டாட்டி பொம்பளைங்க கூட்டம் நடத்தணும். செவிடியை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவாங்க. உங்களையும் சேர்த்து அனுப்பிடுவாங்கன்னு பயந்தேன். இப்ப அதான் ஆகப்போவுது."

அது ஆகாது என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆகலாம். தான் செய்ததை மட்டும் மறைக்கக்கூடாது என்று பட்டது.

"பெஞ்சைத் திருப்பச் சொன்னது நான்தான், டோரதி. ஐயர்கிட்ட போய் நானே கேட்டேன்."

அவள் அவன் வாயையே பார்த்தாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம். "ஏன்?" என்றாள்.

"நோயலோட குரல்மேல உனக்கு ஆசைன்னு நெனச்சேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். கன்னமெல்லாம் சிவந்து, விசிறிக் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் அந்தப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அவள் திரும்பியிருக்கும்வரைக்கும் அவன் என்ன மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. அவன் நின்றான். கடைசியில் அவளே திரும்பினாள். கண் ஈரமாக இருந்தது, ஆனால் அவன் எதிர்பார்த்த கேள்வியை அவள் கேட்கவில்லை.

"எப்படி இருக்கும் அவரு குரல்?"

மைக்கேல்ராஜ் தன் மீசையைத் தானே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான். பொய் சொல்லலாம். சொன்னால் அவளுக்குத் தெரியவே தெரியாது.

"நல்லா இருக்கும்" என்றான். "என்னுதைவிட ரொம்ப நல்லா இருக்கும்."

"அப்படியா" என்றாள் டோரதி. "எனக்கு எங்க தெரியும். ஜுரத்துக்கு முன்னாடி கேட்டு எனக்கு ஞாபகம் இருக்கிற குரல் உங்களுதுதான். அவரு வாய் அசையறப்போ, உங்க குரலைத்தான் அதுல போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன்."